சான்றிதழ் சோறு போடுமா?
இடைவெளிக்குப் பின் வேலை தேடும் பெண்கள்: ஓர் அலசல்

மதுரை,

டவுனுக்குள் எந்த வீதியில் நடந்தாலும் மாடிப்படி ஓரம் ஒரு போர்டு தொங்குகிறது. 'டைப்பிங்', 'டாலி', 'ஜி.எஸ்.டி.', 'மூன்றே மாதத்தில் சர்டிபிகேட்'!

அந்தப் படிகளில் ஏறுவது காலேஜ் பிள்ளைகள் மட்டுமல்ல. கல்யாணம், குழந்தை, மாமியாருக்கு வைத்தியம் என்று வேலையை விட்டு, ஐந்து பத்து வருஷம் வீட்டோடு இருந்த பெண்களும்தான். வளையலை அடகு வைத்து பீஸ் கட்டுகிறவர்களும் உண்டு.

அடகு வைத்த வளையல் திரும்புமா? அந்தக் காகிதம் வேலை வாங்கித் தருமா?

எல்லாச் சான்றிதழும் ஒன்றல்ல. மூன்று ரகம் இருக்கிறது.

சாவி ரகம்

அது இல்லாவிட்டால் விண்ணப்பமே போட முடியாது. தேர்வாணையத்தின் குரூப்-4 தேர்வில் தட்டச்சர் பதவியை எடுத்துக்கொள்ளுங்கள். தமிழ், ஆங்கிலம் இரண்டிலும் அரசு டைப்பிங் தேர்வு பாஸ் செய்திருக்க வேண்டும். ஒன்றில் லோயர் இருந்தாலும் மற்றதில் ஹையர் கட்டாயம். கல்யாணத்துக்கு முன்னால் வாங்கிய சர்டிபிகேட்டாக இருந்தாலும் செல்லும். பீரோவில் தேடிப் பாருங்கள்!

வயது தாண்டிவிட்டதே என்று கவலையா? பிற்பட்ட, மிகப் பிற்பட்ட, ஆதிதிராவிட, பழங்குடி வகுப்பினரும், ஆதரவற்ற விதவைகளும் பத்தாம் வகுப்புக்கு மேல் படித்திருந்தால் வயது வரம்பில் சலுகை உண்டு. நாற்பதைத் தாண்டியவரும் எழுதலாம்.

ஆனால் சாவி இருந்தால் போதாது. எழுத்துத் தேர்வில் ஜெயிக்க வேண்டும். அதில் தமிழ்ப் பகுதியில் 40 சதவீதம் வாங்காவிட்டால் மற்ற விடைகளைத் திருத்தவே மாட்டார்கள்.

ஆசிரியைகள் கதையும் இதுதான். 'டெட்' சான்றிதழ் முதலில் ஏழு வருஷம்தான் செல்லும் என்றார்கள். 2021ல் ஆயுளுக்கும் செல்லும் என்று மாற்றினார்கள். சந்தோஷம்! ஆனால் தமிழ்நாட்டில் 2018ல் வந்த அரசாணை 149, டெட் பாஸ் செய்தவரும் நியமனத்துக்குத் தனிப் போட்டித் தேர்வு எழுத வேண்டும் என்றது. 2024ல் அந்தத் தேர்வுகள் நடந்தன. ஒரு பூட்டு திறந்தால், உள்ளே இன்னொரு பூட்டு!

துருப்பிடிக்கும் ரகம்

2016ல் கடைக் கணக்கை விட்டு வந்த பெண்ணுக்குத் தெரிந்தது 'வாட்' வரி. 2017 ஜூலை 1ல் ஜி.எஸ்.டி. வந்தது. 2025 செப்டம்பர் 22ல் அதிலும் பெரும்பாலான பொருட்களுக்கு 12, 28 சதவீத அடுக்குகள் போய்விட்டன. ஆகவே 2018ல் வாங்கிய ஜி.எஸ்.டி. சர்டிபிகேட் கூட இன்று பாதிக் கதைதான் சொல்லும்.

கடை முதலாளி காகிதத்தைப் பார்ப்பதில்லை. "இந்த மாசம் ரிட்டர்ன் போடுவியாம்மா?" என்றுதான் கேட்பார். போடத் தெரிந்தால் வேலை. ஆகவே இந்தப் படிப்பில் பலன் உண்டு. பலன் படிப்பில்தான், முத்திரையில் இல்லை.

சுவர் ரகம்

பெயர் மட்டும் பெரிசு. எந்த அறிவிப்பிலும் கேட்கமாட்டார்கள், எந்த முதலாளிக்கும் தெரியாது. கண்ணாடி போட்டு மாட்டலாம், அவ்வளவுதான். 'நூறு சதவீத வேலை உத்தரவாதம்' என்று போர்டு வைத்தால் ஒரு கேள்வி கேளுங்கள்: "போன வருஷம் இங்கே படித்தவர்கள் எங்கே வேலை பார்க்கிறார்கள்?" பதில் மழுப்பினால் படி இறங்கிவிடுங்கள்.

யாரும் பேசாத சங்கதி

அந்தப் பெண் வேலையை விட்டது சான்றிதழ் இல்லாததாலா? இல்லையே! பிள்ளையைப் பார்க்க ஆளில்லாததால்தான். 50 பேர் வேலை செய்யும் இடத்தில் குழந்தைகள் காப்பகம் வேண்டும் என்று 2017லேயே சட்டத் திருத்தம் வந்தது. நம்மூர்க் கடைகளில் ஐந்து பேர், எட்டு பேர்தான் வேலை செய்கிறார்கள். சட்டம் அந்த வாசலுக்கு வருவதில்லை.

திருமங்கலத்திலிருந்தோ மேலூரிலிருந்தோ பஸ் பிடித்து வரும் தாய்க்கு, சாயங்காலம் ஆறு மணிக்கு விட்டால் வேலை நிலைக்கும். ராத்திரி ஒன்பது என்றால் எத்தனை சர்டிபிகேட் இருந்தும் பிரயோஜனமில்லை.

ஆகவே பணம் கட்டுமுன் அறிவிப்பைப் படியுங்கள். தெரிந்த இரண்டு முதலாளிகளைக் கேளுங்கள். வீட்டில் உள்ள ஆண்களுக்கும் ஒரு வார்த்தை: பீஸ் கட்டுவதோடு உங்கள் கடமை முடியவில்லை. சாயங்காலம் பிள்ளையை யார் பார்ப்பது என்று முதலில் பேசி முடியுங்கள். சான்றிதழ் கதவைத் திறக்கும். உள்ளே நிற்க வைப்பது வீடும் முதலாளியும்தான்!