கட்டுப் போடும் முன்பே வரும் வக்காலத்து

சென்னை - பெங்களூரு நெடுஞ்சாலை ஓரம் வாழ்கிற நமக்கு விபத்து என்பது செய்தித்தாளில் படிக்கிற சங்கதி அல்ல. ஷிப்டு முடிந்து ஷூ கம்பெனி வேனில் திரும்பும் பெண்கள், சிப்காட்டுக்கு டூ வீலரில் போகும் பிள்ளைகள், சென்னையில் கட்டட வேலைக்குப் போன அண்ணன் தம்பிகள் என்று நம் தெருக்களில் அடிபட்டவர் கணக்கு நீளும். வாலாஜா ஜி.எச்.சில் முதலுதவி, அங்கிருந்து அடுக்கம்பாறை அல்லது சி.எம்.சி., நிலைமை மோசமென்றால் சென்னை. வழி நமக்கு மனப்பாடம்.

வார்டு வாசலில் ஒருவர் நிற்பார் என்பதும் நமக்குத் தெரியும். கட்டுப் போட்டு முடிப்பதற்குள் பெயர், ஊர், வண்டி நம்பர் எல்லாம் அவர் கையில் இருக்கும். "கவலைப்படாதீங்கம்மா, பெரிய வக்கீல் இருக்காரு, மெட்ராஸ் ஹைகோர்ட்டு. இப்ப ஒரு பைசா வேணாம், வர்றதுல பார்த்துக்கலாம்." அழுதுகொண்டிருக்கும் தாயிடம் எழுதாத வக்காலத்துப் படிவத்தில் கைநாட்டு வாங்கிக்கொண்டு போய்விடுவார். வக்கீல் முகத்தை அந்தக் குடும்பம் பார்ப்பது சில வருடம் கழித்து. சில குடும்பங்கள் கடைசிவரை பார்ப்பதே இல்லை.

இந்த ஏற்பாட்டில் மூன்று இடத்தில் நாம் ஏமாறுகிறோம்.

முதலாவது, சென்னை. விபத்து எங்கே நடந்ததோ அங்கேதான் வழக்குப் போட வேண்டும் என்று நம்மவர்கள் நினைக்கிறார்கள். 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 166-ஆவது பிரிவு அப்படிச் சொல்லவில்லை. பூந்தமல்லியில் அடிபட்டாலும் ஓசூரில் அடிபட்டாலும், நாம் குடியிருக்கும் பகுதிக்குரிய தீர்ப்பாயத்திலேயே மனு போடலாம். வாய்தாவுக்கு வாய்தா ஒரு நாள் கூலியை விட்டு, பஸ் செலவு செய்து சென்னை போக வேண்டியதில்லை. சென்னை வக்கீல் நிஜமாகவே தேவைப்படுவது மேல்முறையீட்டில். தீர்ப்பு வந்து 90 நாளுக்குள் உயர் நீதிமன்றம் போக வேண்டும். அப்போது இங்கே வழக்கு நடத்தியவரிடமே கேட்டு, கட்டு முழுவதையும் கையோடு எடுத்துக்கொண்டு போகலாம்.

இரண்டாவது, பங்கு. வரும் தொகையில் நான்கில் ஒன்று, மூன்றில் ஒன்று என்று பேசுகிறார்களே, அமெரிக்காவில் விபத்து வழக்குகள் அப்படித்தான் நடக்கின்றன. அங்கே அதற்குச் சட்டம் இடம் கொடுக்கிறது, விளம்பரமே போடுகிறார்கள். இந்தியாவில் பார் கவுன்சில் விதிப்படி வழக்கின் முடிவைப் பொறுத்துக் கட்டணம் பேசுவதும், கிடைக்கும் பணத்தில் பங்கு கேட்பதும் கூடாது. ஆள் வைத்து வழக்குப் பிடிப்பதும் கூடாது. அப்படியானால், வார்டு வாசலில் நிற்பவரை நம்பி வரும் வக்கீல் முதல் நாளே இரண்டு விதியை மீறியவர் ஆகிறார். நம் விஷயத்தில் மட்டும் அவர் நேர்மையாக நடந்துகொள்வார் என்று நம்ப நமக்கு என்ன காரணம் இருக்கிறது? இழப்பீட்டுத் தொகையை நேராகப் பாதிக்கப்பட்டவரின் வங்கிக் கணக்கில் செலுத்த வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2025 மார்ச்சில் சொல்லியிருக்கிறது. யாராவது பாஸ்புக்கையும் கையெழுத்துப் போட்ட செக்கையும் முன்கூட்டியே கேட்டால் எதற்கு என்று புரிந்துகொள்ளுங்கள்.

மூன்றாவதுதான் நமக்கு முக்கியம். 1987-ஆம் ஆண்டு சட்டப் பணிகள் ஆணையச் சட்டத்தின் 12-ஆவது பிரிவின்படி, பட்டியல் சாதியைச் சேர்ந்த ஒவ்வொருவருக்கும் இலவச வக்கீல் உரிமை உண்டு. வருமான வரம்பு கிடையாது. பெண்களுக்கும், மாற்றுத்திறனாளிகளுக்கும், ஆலைத் தொழிலாளர்களுக்கும் அப்படியே. தாலுகா கோர்ட்டு வளாகத்திலேயே சட்டப் பணிகள் குழு அலுவலகம் இருக்கும். சாதிச் சான்றோடு ஒரு மனு எழுதிக் கொடுத்தால் போதும். 15100 என்ற எண்ணுக்குப் போன் செய்தும் கேட்கலாம். ஹைகோர்ட்டு மேல்முறையீட்டுக்கும் இதே உரிமை உண்டு. சாதிச் சான்றைப் பள்ளிக்கூடத்துக்கும் ஸ்காலர்ஷிப்புக்கும் மட்டுமே பீரோவிலிருந்து எடுக்கிறோம். கோர்ட்டு வாசலிலும் அது செல்லும்.

இலவச வக்கீல் சரியாக நடத்த மாட்டார் என்று சொல்வார்கள். ஓரளவு உண்மைதான். அவர்களுக்குக் கிடைக்கும் தொகை குறைவு. சிலர் அக்கறை காட்டுவதில்லை. ஆனால் ஒருவர் சரியில்லை என்றால் வேறு வக்கீல் கேட்டு அதே குழுவுக்கு எழுதலாம். புரோக்கர் பிடித்துக் கொடுத்த வக்கீல் சரியில்லை என்று நாம் யாரிடம் எழுதுவது? காசு கொடுத்தே வைப்பதானாலும் அதில் தவறில்லை. ஆனால் பெரிய நகரம், பெரிய ஆபீஸ், ஏசி அறை என்று பார்த்து வைக்காதீர்கள். அவர் நம்மிடம் என்ன கேட்கிறார் என்று பாருங்கள்.

ஏன் என்பதற்கு ஒரு கணக்கு. ஷூ கம்பெனியில் கட்டிங் வேலை செய்யும் 30 வயதுப் பெண், மாதம் 12,000 ரூபாய் சம்பளம். விபத்தில் வலது கை நசுங்கிவிட்டது. டாக்டர் 30 சதவீதம் ஊனம் என்று எழுதுகிறார். 2009-இல் சர்லா வர்மா வழக்கில் உச்ச நீதிமன்றம் வகுத்த அட்டவணைப்படி அவர் வயதுக்குப் பெருக்கும் எண் 17. ஒரு வருடச் சம்பளம் 1,44,000. அதை 17-ஆல் பெருக்கினால் 24,48,000. அதில் 30 சதவீதம் 7,34,400 ரூபாய். சோம்பேறி வக்கீல் இங்கேயே நிறுத்திவிடுவார். ஆனால் 2010-இல் ராஜ்குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் ஒன்றைத் தெளிவாகச் சொன்னது: உடல் ஊனத்தின் சதவீதம் வேறு, சம்பாதிக்கும் திறன் இழந்த சதவீதம் வேறு. கை போன குமாஸ்தா வேலையில் தொடரலாம். கை போன தச்சர் என்ன செய்வார்? நம் பெண் இனிக் கத்தி பிடித்துத் தோல் வெட்ட முடியாது என்று சாட்சி வைத்து, 60 சதவீதம் என்று நிரூபித்தால் தொகை 14,68,800. மருத்துவச் செலவு, வலி, எதிர்கால வருமான உயர்வு இதெல்லாம் தனி. ஆகவே "உங்க வேலை என்னம்மா, எந்தக் கையால செய்வீங்க" என்று கேட்கிற வக்கீலை விடாதீர்கள்.

சம்பள ரசீது இல்லை என்று பயப்படவும் வேண்டாம். கூலித் தொழிலாளியிடம் ஆவணம் எதிர்பார்க்க முடியாது என்பதை ஏற்று, பெங்களூருக் கூலித் தொழிலாளி ராமச்சந்திரப்பா சொன்ன மாத வருமானத்தை 2011-இல் உச்ச நீதிமன்றம் ஒப்புக்கொண்டது. ஆலைக்குள் பட்ட காயம் வேறு வழி. இ.எஸ்.ஐ. பிடித்தம் இருந்தால் இ.எஸ்.ஐ., இல்லாவிட்டால் தொழிலாளர் துறையில் மனு. 2015 ஜனவரி 31 விடியற்காலையில் ராணிப்பேட்டையில் தோல் கழிவுத் தொட்டிச் சுவர் இடிந்து, தூங்கிக்கொண்டிருந்த 10 தொழிலாளர்கள் சேற்றில் மூழ்கி இறந்தார்கள். பெரும்பாலோர் மேற்கு வங்கத்துக்காரர்கள். நமக்குச் சென்னை எப்படியோ, அவர்கள் குடும்பங்களுக்கு நம் ராணிப்பேட்டை அப்படி, அதைவிடத் தூரம்.

வக்கீலைத் தேடும் இடத்துக்கே வராமல் முடிந்துபோகிற வழக்குகளும் உண்டு. அடித்த டிராக்டரோ காரோ ஊர்ப் பெரியவர் ஒருவருடையதாக இருக்கும். அவர் நிலத்தில்தான் நாம் வேலைக்குப் போகிறோம். ஸ்டேஷனுக்கு வெளியே, மரத்தடியில், "ஏம்பா, கேஸு கீஸுனு போகாத" என்று ஐம்பதாயிரத்தில் பேசி முடித்துவிடுவார்கள். எஃப்.ஐ.ஆர். இல்லாவிட்டால் பிறகு எந்த வக்கீலாலும் கரையேற்றுவது கஷ்டம். இதில் வேதனை என்னவென்றால், வண்டிக்கு இன்ஷூரன்ஸ் நடப்பில் இருந்தால் இழப்பீட்டைக் கட்டுவது கம்பெனிதான். பெரியவர் வீட்டுக் காசில் ஒரு ரூபாய் குறையாது. அவருக்கு ஒரு கேஸ் மிச்சம்; நம் வீட்டுக்கு ஆயுள் வருமானம் நஷ்டம். பேச வருபவரிடம் இதைச் சொல்லிப் பாருங்கள், பாதிப் பேர் அடங்கிவிடுவார்கள். மனு போட, சட்டத் திருத்தத்துக்குப் பிறகு, 2022 ஏப்ரல் முதல் ஆறு மாதக் கெடு உண்டு. அதற்குள் போட்டுவிட வேண்டும்.

வக்கீல் வீட்டுத் திண்ணையில் நின்றுகொண்டே பேசிப் பழகிய தலைமுறை நம்முடையது. கேஸ் நம்பர் என்ன என்று கேட்கவே நாக்கு எழாது. படிக்கிற பிள்ளைகள் கேளுங்கள். நம்பர் இருந்தால் இ-கோர்ட்ஸ் செயலியில் அடுத்த வாய்தா என்றைக்கு, கடைசி வாய்தாவில் நம் வக்கீல் வந்தாரா என்று போனிலேயே பார்க்கலாம். கையெழுத்துப் போடும் ஒவ்வொரு தாளுக்கும் நகல் வாங்கி வையுங்கள். லோக் அதாலத்தில் சமரசம் என்று கூப்பிட்டால், தொகையை எண்ணாலும் எழுத்தாலும் படித்துப் பார்க்காமல் உங்கள் அம்மாவைக் கையெழுத்துப் போட விடாதீர்கள். அங்கே முடிந்ததற்கு அப்பீல் கிடையாது.

இன்னொன்று. பட்டியல் சாதி மாணவர் வக்கீலாகப் பதிவு செய்யச் சட்டப்படியான கட்டணம் 125 ரூபாய்தான், அதற்கு மேல் வாங்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2024 ஜூலையில் தீர்ப்பளித்திருக்கிறது. அரசு சட்டக் கல்லூரி காட்பாடியில் இருக்கிறது, வாலாஜாவிலிருந்து ரயிலிலேயே போய் வரலாம்.