பூட்டுக்கு ஒரு வக்காலத்து

சென்ற இதழில் விண்டோஸ் ஆக்டிவேஷன் என்ற பூட்டுக்கு வக்காலத்து வாங்கி ஒரு கட்டுரை வந்திருந்தது. பழைய கம்ப்யூட்டரில் இருந்த விண்டோஸைப் புதிய கம்ப்யூட்டருக்கு மாற்றிக்கொள்ள நினைப்பவரும், ஒரே உரிமக் கீயைப் பத்து கம்ப்யூட்டரில் போடுகிறவரும் அந்தக் கட்டுரையாளருக்கு ஒன்றுதான். இருவரும் திருடர்கள். காசு கொடுத்து வாங்கிய யோக்கியரை ஆக்டிவேஷன் ஒன்றும் செய்யாது என்று சத்தியம் வேறு செய்கிறார். வாதத்துக்கு முட்டுக்கொடுக்க அவர் கையில் எடுத்திருப்பது ரயில் டிக்கெட். உங்கள் பெயரில் எடுத்த டிக்கெட்டில் இன்னொருவர் போக முடியுமா என்று கேட்டுவிட்டு, பதில் வராது என்ற தெம்பில் அடுத்த பத்திக்குப் போய்விடுகிறார்.

போக முடியும். இடம் உறுதியான டிக்கெட்டை, வண்டி கிளம்ப 24 மணி நேரத்துக்கு முன்பே எழுதிக் கொடுத்தால், பெற்றோர், உடன்பிறந்தோர், பிள்ளைகள், கணவன், மனைவி இவர்களில் ஒருவர் பெயருக்கு ரயில்வே மாற்றித் தருகிறது. கல்யாண கோஷ்டிக்குக்கூட அதில் விதி இருக்கிறது. தான் எடுத்த உதாரணத்தையே விசாரிக்காதவர், தான் ஆதரிக்கிற உரிம ஒப்பந்தத்தைப் படித்திருப்பார் என்று எப்படி நம்புவது? படிக்கவில்லை என்பது அவர் கட்டுரையிலேயே தெரிகிறது.

விண்டோஸ் பெரும்பாலும் மூன்று வகையில் விற்பனையாகிறது. தனியாக வாங்கினால் ரீட்டெய்ல். கம்ப்யூட்டரோடு சேர்ந்தே வந்தால் ஓஇஎம். அலுவலகங்களும் கல்லூரிகளும் மொத்தமாக எடுத்தால் வால்யூம். இவற்றில் ரீட்டெய்ல் உரிமத்தை உங்களுக்குச் சொந்தமான வேறு கம்ப்யூட்டருக்கு மாற்றிக்கொள்ளலாம் என்று மைக்ரோசாஃப்ட் தன் ஒப்பந்தத்திலேயே எழுதிக் கொடுத்திருக்கிறது. பழைய கம்ப்யூட்டரிலிருந்து அதை நீக்கிவிட வேண்டும், அவ்வளவுதான். நம் கட்டுரையாளர் திருட்டு என்று தீர்ப்பு எழுதிய காரியத்துக்கு, விற்ற கம்பெனியே அனுமதி கொடுத்திருக்கிறது. மூன்று பக்கக் கட்டுரையில் ரீட்டெய்ல், ஓஇஎம் என்ற சொற்கள் ஓரிடத்தில்கூட வரவில்லை. வந்திருந்தால் கட்டுரையே எழுத முடிந்திருக்காது.

நகல் எடுத்தால் ஒன்று இரண்டாகும். இடம் மாற்றினால் ஒன்று ஒன்றாகவே இருக்கும். பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் தெரிந்த இந்தக் கணக்கைக் குழப்பிவிட்டால்தான் அவருடைய வாதம் நிற்கும். அதனால் குழப்பியிருக்கிறார். ஒரு கீயை வாங்கிப் பத்து கம்ப்யூட்டரில் போடுவது தவறு. அதில் எனக்கும் அவருக்கும் தகராறே இல்லை. அந்தத் தவறைக் காட்டி இன்னொருவர் மேல் வழக்குப் போடுவதுதான் தகராறு.

இந்த வாதம் புதிதும் அல்ல. 2006 அக்டோபரில் விண்டோஸ் விஸ்டாவின் உரிம ஒப்பந்தம் வெளியானபோது, ரீட்டெய்லில் வாங்கியவரும் ஒரே ஒரு முறைதான் வேறு கம்ப்யூட்டருக்கு மாற்றலாம் என்று அதில் ஒரு வரி இருந்தது. போர்டு தனியாக, பிராசஸர் தனியாக வாங்கிச் சொந்தமாக கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்கிறவர்கள் கொதித்துப்போனார்கள். வருஷத்துக்கு இரண்டு பாகம் மாற்றுகிற ஆட்கள் அவர்கள். முழு விலை கொடுத்து ரீட்டெய்ல் பெட்டி வாங்குகிறவர்களும் அவர்கள்தான். நவம்பர் தொடக்கத்திலேயே மைக்ரோசாஃப்ட் அந்த வரியை எடுத்துவிட்டது. எத்தனை முறை வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ளலாம் என்று ஆயிற்று. கம்பெனியே சில வாரங்களில் கைகழுவிய ஒரு நிலைப்பாட்டை, இத்தனை வருஷம் கழித்து நம் கட்டுரையாளர் தூசி தட்டி எடுத்து வந்திருக்கிறார். ராஜாவை மிஞ்சிய ராஜ விசுவாசம் என்பது இதுதான்.

அடுத்து, யோக்கியரை ஆக்டிவேஷன் ஒன்றும் செய்யாது என்ற சத்தியம். இதைச் சும்மா விட முடியாது.

2001 அக்டோபர் 25 அன்று விண்டோஸ் எக்ஸ்பி வெளிவந்தது. விண்டோஸ் ஆக்டிவேஷன் வீட்டுக் கம்ப்யூட்டர்களுக்குள் வந்ததும் அதோடுதான். 30 நாளுக்குள் செய்து முடிக்காவிட்டால் லாகின் செய்ய விடாது. உங்கள் கம்ப்யூட்டரை அடையாளம் வைத்துக்கொள்ள அது பத்து விஷயங்களைக் குறித்துக்கொள்ளும். பிராசஸரின் வகை, ராம் அளவு, டிஸ்ப்ளே கார்டு, சிடி டிரைவ், ஹார்டு டிஸ்க், அந்த டிஸ்கை ஃபார்மட் செய்யும்போது விழும் எண், நெட்வொர்க் கார்டின் முகவரி என்று போகும் பட்டியல். ஒவ்வொன்றுக்கும் ஒரு ஓட்டு. நெட்வொர்க் கார்டுக்கு மட்டும் மூன்று. மொத்தம் ஏழு ஓட்டு விழுந்தால் அதே கம்ப்யூட்டர் என்று ஒப்புக்கொள்ளும். குறைந்தால் நீங்கள் யாரோ, அது யாரோ.

இப்போது ஒரு மழை நாளில் மின்னல் இறங்கி மதர்போர்டு போய்விட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். நெட்வொர்க் கார்டு போர்டிலேயே இருப்பதால் மூன்று ஓட்டு ஒரேயடியாகப் போயிற்று. நான்கு வருஷத்துப் பழைய பிராசஸர் கடையில் கிடைக்கிற புதுப் போர்டில் உட்காராது, அதுவும் போயிற்று. ராமும் பொருந்தாது. டிஸ்ப்ளேயும் போர்டோடு வந்ததென்றால் அந்த ஓட்டும் இல்லை. அதே வீடு, அதே மேஜை, அதே ஹார்டு டிஸ்க், அதே ஆள். ஆனால் தேர்தலில் டெபாசிட் காலி.

எக்ஸ்பி காலத்தில் பிறகு போன் செய்ய வேண்டும். திரையில் ஒன்பது கட்டங்களில் நீளமாக ஓர் எண் நிற்கும். அதை முழுசாக ஒரு தானியங்கிக் குரலிடம் ஒப்பிக்க வேண்டும். இந்த நகல் எத்தனை கம்ப்யூட்டரில் போடப்பட்டிருக்கிறது என்று அது கேட்கும். ஒன்றில் என்று சொல்ல வேண்டும். அதற்கு மனம் இரங்கினால் 42 இலக்கங்களை வாசிக்கும். ஏ முதல் ஜி வரை ஏழு கட்டங்களில், கட்டத்துக்கு ஆறாக, காதுக்கும் தோளுக்கும் நடுவே போனை இடுக்கிக்கொண்டு அடிக்க வேண்டும். காசு கொடுத்து வாங்கியவருக்குத்தான் இந்த விசாரணை. கிராக் செய்து போட்டவருக்குப் போன் செலவு கிடையாது.

ஸ்டிக்கர் கதையும் உண்டு. விண்டோஸ் 7 காலத்து லேப்டாப்பைத் திருப்பினால் அடியில் 25 எழுத்துக் கீயோடு ஒரு லேபிள் இருக்கும். சூட்டிலும் உராய்விலும் அது மங்கிக்கொண்டே போகும். குழப்பம் வரக் கூடாது என்று கீ தயாரித்தவர்கள் ஜீரோவையும் ஓ-வையும் ஒன்றையும் ஐ-யையும் விட்டுவிட்டார்கள். சரி. ஆனால் பி-யும் எட்டும் இரண்டுமே அதில் வரும். பாதி அழிந்த லேபிளில் அது பி-யா எட்டா என்று டார்ச் அடித்துப் பார்க்காத சர்வீஸ் கடைக்காரர் ரிச்சி தெருவில் இருந்தால் சொல்லுங்கள். 2012-இல் விண்டோஸ் 8 வந்த பிறகு லேபிள் தொல்லை ஒழிந்தது. கீயை மதர்போர்டின் சிப்பிலேயே எழுதி அனுப்ப ஆரம்பித்தார்கள். பழுதான போர்டை அதற்குச் சமமான போர்டு போட்டு மாற்றினால் ஓஇஎம் உரிமம் செல்லும் என்கிறது மைக்ரோசாஃப்டின் விதி. ஆனால் கீயோ பழைய போர்டோடு காயலாங்கடைக்குப் போயிருக்கும். உரிமம் உண்டு, நிரூபிக்க வழி இல்லை.

இதெல்லாம் பாகம் பழுதானவர்கள் பாடு. எதுவுமே செய்யாமல் சும்மா உட்கார்ந்திருந்தவர்கள் பாடு என்ன? 2007 ஆகஸ்ட் 24 அன்று, அசலா போலியா என்று பார்க்கும் மைக்ரோசாஃப்ட் சர்வரில் கோளாறு. சுமார் 19 மணி நேரம் அது அசல் எக்ஸ்பியையும் விஸ்டாவையும் போலி என்று முத்திரை குத்திக்கொண்டிருந்தது. பாதிக்கப்பட்டவை 12,000-க்கும் குறைவுதான் என்று கம்பெனி சமாதானம் சொன்னது. 2018 நவம்பர் 8 அன்று விண்டோஸ் 10 ப்ரோ வாங்கியவர்கள் பலரின் திரையில், உங்களிடம் இருப்பது ஹோம் கீதான் என்று செய்தி வந்தது. அன்றும் சர்வர் பக்கத்துத் தப்புதான். இந்த ஆட்களில் யார் திருடர் என்று கட்டுரையாளர் விரல் நீட்டிக் காட்டட்டும்.

சரி, திருடரையாவது அது பிடித்ததா? எக்ஸ்பி கடைக்கு வருவதற்குச் சில வாரங்கள் முன்பே ஒரு வால்யூம் கீ வெளியே கசிந்துவிட்டது. வால்யூம் பதிப்புக்கு ஆக்டிவேஷனே கிடையாது என்பதால், அந்தக் கீயைப் போட்டவருக்கு ஓட்டும் இல்லை, போனும் இல்லை. விஸ்டா வந்ததும் பிடியை இறுக்கினார்கள். கெடு தாண்டினால் பிரவுசர் மட்டும் திறக்கும். ஒரு மணி நேரத்தில் அதுவும் வெளியே தள்ளிவிடும். 2008-இல் சர்வீஸ் பேக் 1 வந்தபோது அதையும் அவர்களே எடுத்துவிட்டார்கள். இன்று விண்டோஸை இலவசமாக ஆக்டிவேட் செய்யும் ஸ்கிரிப்ட் கிட்ஹப்பில் பகிரங்கமாகக் கிடைக்கிறது. கிட்ஹப் 2018-லிருந்து யாருடையது என்று கட்டுரையாளர் விசாரித்துப் பார்க்கலாம்.

பூட்டு இல்லாவிட்டால் மென்பொருள் தொழிலே அழிந்துவிடும் என்று ஒரு ஒப்பாரியும் வைத்திருக்கிறார். ஆக்டிவேட் செய்யாத விண்டோஸ் 10 என்ன ஆகிறது? திரையின் வலது மூலையில் மங்கலாக 'ஆக்டிவேட் விண்டோஸ்' என்று எழுத்து நிற்கும். செட்டிங்ஸில் போய் வால்பேப்பர் மாற்ற முடியாது. மற்றபடி ஓடும், மாதக் கணக்கில் ஓடும். தொழில் அழியும் என்று பயப்படுகிறவர் செய்கிற காரியமா இது? 1998-இலேயே பில் கேட்ஸ், சீனாவில் எப்படியும் திருடத்தான் போகிறார்கள் என்றால் எங்களுடையதைத் திருடட்டும், பழகிவிட்டால் பிறகு வசூலிக்க வழி கண்டுபிடித்துக்கொள்வோம் என்ற பொருளில் பேசினார். முதலாளிக்கு இல்லாத பதற்றம் இவருக்கு.

ஓஇஎம் விஷயத்தில் மட்டும் அவருக்குப் பிடிமானம் இருக்கிறது. அவரே அதைப் பிடித்துக்கொள்ளவில்லை என்பது வேறு. ஓஇஎம் உரிமம் வந்த கம்ப்யூட்டரோடு கட்டப்பட்டது, விலையும் குறைவு, அதனால் வேறு கம்ப்யூட்டருக்குப் போகாது என்று அவர் சொல்லியிருந்தால் ஒப்பந்தப்படி சரி. ஆனால் லேப்டாப் கடையில் நடப்பது என்ன? "ஒரிஜினல் விண்டோஸ் சார், பயப்படாம எடுத்துக்கோங்க" என்பார் விற்பனையாளர். இது ஓஇஎம், இந்த லேப்டாப் செத்தால் இதுவும் சாகும் என்று யாரும் சொல்லி விற்பதில்லை. ஒப்பந்தம் கண்ணில் படுவது பில் போட்டு, வீட்டுக்குக் கொண்டுவந்து, சுவிட்சைப் போட்ட பிறகு. அதற்குப் பேர் 'சம்மதம்' என்கிறார் கட்டுரையாளர்.

எல்லா நாட்டு நீதிமன்றமும் அவரைப் போல் தலையாட்டிவிடவில்லை. ஓஇஎம் பிரதியைக் கம்ப்யூட்டரோடு சேர்த்துத்தான் விற்க வேண்டும் என்று கடைசி விற்பனையாளர் வரைக்கும் மைக்ரோசாஃப்ட் கட்டுப்படுத்த முடியாது என்று ஜெர்மனியின் உச்ச நிலை நீதிமன்றம் 2000 ஜூலையில் தீர்ப்பளித்தது. அதன் பிறகு அங்கே ஓஇஎம் பிரதிகள் தனியாகவே விற்பனைக்கு வந்தன. 2012 ஜூலை 3 அன்று ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம், ஆரக்கிளுக்கும் யூஸ்டுசாஃப்டுக்கும் நடந்த வழக்கில் இன்னும் மேலே போயிற்று. காலவரம்பில்லாமல் பணம் வாங்கிக்கொண்டு கொடுத்தால் அது விற்பனைதான். டவுன்லோடு செய்ததாக இருந்தாலும், விற்கிறவர் தன் பிரதியை அழித்துவிட்டால் மறுவிற்பனையைத் தடுக்க முடியாது என்றது. அமெரிக்காவில் 2010-இல் ஆட்டோடெஸ்க் வழக்கில் நேர்மாறாக, அது உரிமம்தான், விற்பனை அல்ல என்று முடிந்தது. அவருக்குச் சாதகமான தீர்ப்பையும் நானே எடுத்துக் கொடுக்க வேண்டியிருக்கிறது.

நம் நாட்டுக் கதை இன்னும் சுவாரசியம். 2004-இல் டாடா கன்சல்டன்சி வழக்கில், சிடியில் அடைத்து விற்கிற மென்பொருள் சரக்குதான், விற்பனை வரி உண்டு என்றது உச்ச நீதிமன்றம். 2021 மார்ச் 2 அன்று இன்ஜினியரிங் அனாலிசிஸ் வழக்கில், வெளிநாட்டு மென்பொருளுக்குக் கொடுக்கும் பணம் ராயல்டியா, பொருளுக்கு விலையா என்ற கேள்வி வந்தது. ராயல்டி என்றால் வரி பிடிக்க வேண்டும். அது ராயல்டி அல்ல, பதிப்புரிமை உள்ள ஒரு பொருளின் விலைதான் என்று வாதாடி ஜெயித்தது யார் தரப்பு? மென்பொருளை விற்றவர்கள், வாங்கி விநியோகித்தவர்கள் தரப்பு. வரி கேட்டு அதிகாரி வந்தால் பொருளை விற்றோம் என்பது. வாங்கியவர் பொருளை எடுத்துக்கொண்டு கிளம்பினால் விற்கவே இல்லை, உரிமம்தான் தந்தோம் என்பது. அந்தத் தீர்ப்பு வரியைப் பற்றியதுதான், மாற்றும் உரிமையைப் பற்றியதல்ல. ஆனாலும் இந்த இரட்டை நாக்கு கட்டுரையாளரின் கண்ணில் படாமல் போனதுதான் ஆச்சரியம்.

மைக்ரோசாஃப்ட் கணக்கோடு உரிமத்தை இணைத்துவிட்டால் இப்போதெல்லாம் பாகம் மாறினாலும் சுலபம் என்று கடைசியில் ஒரு சப்பைக்கட்டு வைத்திருக்கிறார். 2016 ஆகஸ்டில் வந்த விண்டோஸ் 10 அப்டேட்டிலிருந்து அந்த வசதி இருப்பது உண்மை. போர்டு போவதற்கு முன்பே இணைத்திருந்தால் உதவும். போன பிறகு எதைத் திறந்து இணைப்பது?

இனி கட்டுரையாளருக்கு ஒரு சின்ன வேலை. விண்டோஸ் பட்டனையும் ஆர் எழுத்தையும் சேர்த்து அழுத்தி, எஸ்எல்எம்ஜிஆர் என்று அடித்து, ஓர் இடைவெளி விட்டு, சாய்கோடு போட்டு டிஎல்ஐ என்று அடித்து என்டர் தட்டட்டும். ஒரு சின்னப் பெட்டி வரும். அதில் இரண்டாவது வரியின் கடைசியில் எந்தச் சேனல், அதாவது எந்த விற்பனை வகை, என்று இருக்கும். ரீட்டெய்ல் என்று இருந்தால், அவர் திருட்டு என்று எழுதிய காரியத்தைச் செய்ய அவருக்கே அனுமதி இருக்கிறது. ஓஇஎம் என்று இருந்தால், வாரன்டி முடிந்து போர்டு போகிற நாளில் அப்படி ஒரு நீள எண்ணை அவரும் எழுதிக்கொள்ளலாம். வால்யூம், கேஎம்எஸ் கிளையன்ட் என்று வந்தால் அது ஏதோ ஓர் அலுவலக சர்வரை 180 நாளுக்குள் தொடர்புகொண்டு உயிரைப் புதுப்பித்துக்கொள்கிற வகை. வீட்டுக் கம்ப்யூட்டரில் அது எப்படி வந்தது என்று அடுத்த இதழில் அவரே எழுதட்டும்.