வீட்டுக் கணினிக்கு எந்த லினக்ஸ்?



2025 ஒக்டோபர் 14ஆம் திகதியுடன் விண்டோஸ் 10 இற்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசொஃப்ட் நிறுத்திக்கொண்டது. நமது சபைக் குடும்பங்கள் பலவற்றில், திரையும் விசைப்பலகையும் நன்றாக இருந்தும் விண்டோஸ் 11ஐ ஏற்க முடியாத மடிக்கணினிகள் அலுமாரியில் கிடக்கின்றன. அவற்றுக்கு லினக்ஸ் போடலாம் என்று முதலில் சொன்னவர்கள் நீங்கள்தான். நல்ல யோசனை. காசும் மிச்சம், கணினியும் குப்பைக்குப் போகாது. ஆனால் எந்த லினக்ஸ் என்ற கேள்வியில் நாம் கொஞ்சம் நின்று பேச வேண்டியிருக்கிறது.

லினக்ஸ் வழங்கல்கள் பல இருந்தாலும், அன்றாடப் பாவனைக்கு அவற்றை இரண்டு பக்கமாகப் பிரித்துப் பார்க்கலாம். ஒரு பக்கம் டெபியன் ஸ்டேபிள், உபுண்டு எல்.டி.எஸ்., லினக்ஸ் மின்ட் போன்றவை. டெபியன் ஏறத்தாழ இரண்டு ஆண்டுக்கு ஒரு முறைதான் புதிய பதிப்பை வெளியிடும். 12ஆம் பதிப்பு 2023 ஜூனிலும் 13ஆம் பதிப்பு 2025 ஓகஸ்டிலும் வந்தன. உபுண்டு எல்.டி.எஸ். பதிப்புக்கு ஐந்து ஆண்டுகள் பாதுகாப்புத் திருத்தங்கள் கிடைக்கும். மின்டின் முதன்மைப் பதிப்பு அதன் மேல்தான் கட்டப்பட்டிருக்கிறது. மறுபக்கம் ஆர்ச் லினக்ஸ், ஓபன்சூசே டம்பிள்வீட் போன்றவை. இவற்றில் ஒரு பதிப்பு முடிந்து அடுத்தது தொடங்குவது என்ற பேச்சே இல்லை. ஒரு மென்பொருளின் புதிய வடிவம் வெளியாகிச் சில நாட்களிலேயே நம் கணினிக்கு வந்துவிடும். ஃபெடோரா இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது: ஆறு மாதத்துக்கு ஒரு பதிப்பு, ஒவ்வொன்றுக்கும் சுமார் 13 மாத ஆதரவு.

எங்கள் கருத்தை இப்போதே சொல்லிவிடுகிறோம். அம்மா, அப்பா, அம்மம்மா, படிக்கிற பிள்ளை என்று எல்லாரும் பாவிக்கும் கணினிக்கு முதல் பக்கம்தான் சரி.

உடனே நீங்கள் கேட்பது எங்களுக்குத் தெரியும்: “பழைய மென்பொருள் பாதுகாப்பில்லாதது அல்லவா?” இங்கேதான் பலர் குழம்புகிறார்கள். ஸ்டேபிள் என்றால் ஒருபோதும் பழுதாகாதது என்று பொருள் இல்லை, கைவிடப்பட்டது என்றும் பொருள் இல்லை. அதன் நடத்தை பாதி வழியில் மாறாது என்பதே பொருள். பாதுகாப்பில் ஓட்டை கண்டுபிடிக்கப்பட்டால் பராமரிப்பாளர்கள் அந்தத் திருத்தத்தை மட்டும் எடுத்துப் பழைய பதிப்புக்குள் பொருத்தித் தருகிறார்கள். பொத்தான் இருந்த இடத்திலேயே இருக்கும். ஓட்டை மட்டும் அடைபடும்.

திருத்தம் போடாமல் விடுவது வேறு விஷயம். என்.எச்.எஸ்.இல் வேலை செய்யும் எவரும் 2017 மே 12ஐ மறந்திருக்க மாட்டார்கள். வன்னாகிரை என்ற தீநிரல் இங்கிலாந்தில் குறைந்தது 80 என்.எச்.எஸ். அறக்கட்டளைகளைப் பாதித்தது. அதைத் தடுக்கும் திருத்தத்தை மைக்ரோசொஃப்ட் இரண்டு மாதத்துக்கு முன்பே, மார்ச்சில் வெளியிட்டிருந்தது. ஆகவே ஸ்டேபிள் போட்டுவிட்டு அப்டேட்டைத் தட்டிக்கழிக்கிற வீட்டுக்கு எங்கள் பாராட்டுக் கிடைக்காது.

ஆனால் புதியது என்பதாலேயே ஒன்று பாதுகாப்பாகிவிடாது. 2024 மார்ச் 29 அன்று, எக்ஸ்.இசட். என்ற சிறிய சுருக்க மென்பொருளின் 5.6.0, 5.6.1 பதிப்புகளில் யாரோ வேண்டுமென்றே ஒரு பின்வாசலை மறைத்து வைத்திருப்பது வெளியானது. அண்ட்ரெஸ் ஃபிரொய்ண்ட் என்ற பொறியியலாளர், தொலைவிலிருந்து உள்நுழையச் சுமார் அரை விநாடி கூடுதலாக எடுப்பதைக் கவனித்துத் துருவியதால்தான் அது பிடிபட்டது. அந்தப் பதிப்புகள் டெபியனின் சோதனைக் கிளைகளுக்கும் டம்பிள்வீடுக்கும் ஆர்ச்சுக்கும் ஏற்கெனவே போய்ச் சேர்ந்திருந்தன. டெபியன் ஸ்டேபிளுக்கும் உபுண்டு எல்.டி.எஸ்.க்கும் போகவில்லை. காத்திருந்தவர்களுக்கு அந்தக் காத்திருப்பே காவலாயிற்று.

தாதியராகிய எங்களுக்கு இது பழகிய ஒழுங்கு. பிரித்தானியாவில் புதிதாக வரும் மருந்தின் தகவல் தாளில் தலைகீழான கறுப்பு முக்கோணம் ஒன்று இருக்கும். இந்த மருந்தைக் கூடுதலாகக் கண்காணிக்கிறோம், சந்தேகம் எதுவாயினும் அறிவியுங்கள் என்று அதற்கு அர்த்தம். புதிய மருந்தை நாங்கள் வெறுப்பதில்லை. அது தேவையான நோயாளிக்குக் கொடுக்கிறோம், கண்ணை எடுக்காமல் பார்க்கிறோம். வீட்டில் அப்படிப் பார்த்துக்கொண்டிருக்க யார் இருக்கிறார்கள் என்பதுதான் கேள்வி.

இரவு வேலை முடிந்து காலையில் வீடு வரும் ஒரு தாயை நினைத்துப் பாருங்கள். அடுத்த வார ரோஸ்டர் பார்க்க வேண்டும், பாடசாலையிலிருந்து வந்த மின்னஞ்சலுக்குப் பதில் போட வேண்டும், ஊரில் உள்ள அம்மாவோடு பேச வேண்டும். ஆர்ச் தன் பாவனையாளரிடம் வெளிப்படையாகவே கேட்கிறது: அப்டேட் போடுமுன் அறிவிப்புகளை வாசியுங்கள், சில நேரம் கையால் சரிசெய்ய வேண்டிவரும் என்று. அது நேர்மையான பேச்சு. ஆனால் அந்தத் தாய் அதற்கு இணங்கவில்லை. அவருக்காக நீங்கள் இணங்கினீர்கள். செப்டெம்பரில் நீங்கள் பல்கலைக்கழகத்துக்குப் போய்விடுவீர்கள். கணினி அங்கேயே இருக்கும்.

விதிவிலக்கும் உண்டு. கடையிலிருந்து நேற்று வாங்கிய மடிக்கணினியின் வைஃபையோ கிராஃபிக்ஸோ பழைய கெர்னலுக்குத் தெரியாமல் போகலாம். அப்போது டெபியன் பேக்போர்ட்ஸ், உபுண்டுவின் புதிய வன்பொருளுக்கான கெர்னல், அல்லது ஃபெடோரா நியாயமான தெரிவு. ஒரு செயலி மட்டும் புதிதாக வேண்டுமென்றால் ஃபிளாட்பேக் வழியாக அதை மட்டும் எடுக்கலாம். அத்திவாரத்தைத் தொடாமல் ஜன்னலை மாற்றுவது போல.

எதைப் போடுவதானாலும் முதலில் யூ.எஸ்.பி.யிலிருந்து ஓட்டிப் பாருங்கள். வைஃபை, பிரின்டர், கமரா மூன்றையும் சோதியுங்கள். அம்மாவுக்குப் பழகிய தமிழ் விசைப்பலகை இருக்கிறதா என்று அவரையே தட்டச்சு செய்யச் சொல்லிப் பாருங்கள். மின்டில் உள்ள டைம்ஷிஃப்ட், பிழைத்துப்போன அப்டேட்டைப் பின்வாங்க உதவும். ஆனால் அது இயங்குதளத்தைக் காப்பதற்கானது. குடும்பப் படங்களையும் ஆவணங்களையும் வேறு வட்டில் தனியாகப் பிரதி எடுங்கள். ஆராதனையில் பாடல் வரிகளைத் திரையில் காட்டும் கணினிக்குச் சனி இரவில் அப்டேட் போட வேண்டாம், திங்களில் போடுங்கள்.

இனி, புதியதையே விரும்புகிற உங்களுக்கு ஒரு வார்த்தை. ஃபிரொய்ண்ட் அந்தப் பின்வாசலைக் கண்டது டெபியனின் நிலையற்ற கிளையான சிட்டில்தான். முன்னால் போய்ப் பார்க்கிறவர்கள் இல்லாவிட்டால் பின்னால் வருகிறவர்களுக்கு உறுதியான பதிப்பு என்று ஒன்றுமே இராது. ஆகவே உங்கள் சொந்தக் கணினியில் ஆர்ச் போடுங்கள், உடையுங்கள், கற்றுக்கொள்ளுங்கள். பிழை கண்டால் மௌனமாகத் தாண்டிப் போகாமல் அறிக்கை எழுதி அனுப்புங்கள். மருந்தின் பக்கவிளைவுக்கு நாங்கள் மஞ்சள் அட்டை நிரப்புவதும் இதே நோக்கத்தோடுதான்.

வீட்டுக் கணினிக்கு மட்டும் ஓர் உதவி செய்யுங்கள். அதில் போட்ட வழங்கலின் பெயரையும் ஆதரவு முடியும் மாதத்தையும் ஒரு சிறு தாளில் எழுதி, மூடியின் உள்ளே ஒட்டிவிட்டுப் புறப்படுங்கள்.