எந்தக் கதவைத் தட்டுவது?



சில வருடங்களுக்கு முன் ஒரு ஷஃபான் மாதக் கடைசியில், என்னிடம் ஓதிய மாணவன் ஒருவன் தன் ராத்தாவை அழைத்துக்கொண்டு என் வீட்டுக்கு வந்தான். அவருக்கு இரண்டு பிள்ளைகள். கணவர் வேறு ஊரில் வியாபாரம் செய்துகொண்டு, வீட்டுப் பக்கம் வருவதை நிறுத்தி ஒரு வருடமாகியிருந்தது. காதி நீதிமன்றத்தில் தாபரிப்புக் கேட்டிருக்கிறார். தீர்ப்பும் கிடைத்திருக்கிறது. ஆனால் விதிக்கப்பட்ட தொகை பிள்ளைகளின் பால்மாவுக்கே போதாது. "எனக்கு வருமானம் குறைவு" என்று கணவர் சொன்னதை மறுத்துக் காட்ட இவரிடம் ஒரு துண்டுக் காகிதமும் இருக்கவில்லை.

"ஹஸரத், இனி என்ன செய்வது?" என்று கேட்டார்.

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "ஸப்ர் செய்யுங்கள் தங்கச்சி. நோன்பு வருகிறது. பெருநாள் கழியட்டும், பார்ப்போம்."

பெருநாள் கழிந்தது. அதன் பிறகு அவரை ஒரு சட்டத்தரணியிடம் அனுப்பினேன். அவர் தீர்ப்பின் திகதியைப் பார்த்தார், விரல் விட்டு எண்ணினார், தலையை ஆட்டினார். காதியின் தீர்ப்பை எதிர்த்துக் காதிகள் சபைக்கு மேன்முறையீடு செய்ய முப்பது நாட்கள்தாம் உண்டு. அந்த முப்பது நாட்களும் என்னுடைய "பார்ப்போம்" என்ற ஒரு சொல்லில் கரைந்துபோயிருந்தன.

ஏழு வருடம் அரபுக் கல்லூரியில் இருந்து நிகாஹ், தலாக், நஃபகா பாடங்களை ஓதியவன் நான். இன்றும் மாணவர்களுக்கு அவற்றைச் சொல்லிக் கொடுக்கிறேன். ஆனால் நாட்டுச் சட்டத்தில் அந்த ஒரு சிறிய விஷயம் எனக்குத் தெரிந்திருக்கவில்லை. என் அறியாமையின் விலையை அந்தப் பிள்ளைகள் கொடுத்தார்கள். அதனால்தான் இம்மாதம் இதை எழுதுகிறேன்.

நம் சமூகத்தில் "கோட்டுக்குப் போவது" என்றாலே மானக்கேடு என்ற எண்ணம் இருக்கிறது. ஆனால், அபூஸுஃப்யான் (ரழி) அவர்களின் மனைவி ஹிந்த் (ரழி) அவர்கள் நபி (ஸல்) அவர்களிடம் வந்து, தன் கணவர் தனக்கும் பிள்ளைகளுக்கும் போதிய செலவு தருவதில்லை என்று முறையிட்ட சம்பவம் நமக்குத் தெரியும். நபியவர்கள் அப்பெண்மணியைக் கடிந்துகொள்ளவில்லை, வீட்டு விஷயத்தை வெளியே சொல்லலாமா என்று கேட்கவுமில்லை. தனக்கும் பிள்ளைகளுக்கும் நியாயமாகப் போதுமானதைக் கணவரின் பொருளிலிருந்து எடுத்துக்கொள்ள அனுமதித்தார்கள். ஹக்கைக் கேட்பது ஸப்ருக்கு மாற்றமானதல்ல.

இனி விஷயத்துக்கு வருவோம். நம் நாட்டில் எந்தப் பிரச்சினைக்கு எந்தக் கதவு என்று தெரிந்துகொண்டால் பாதி அலைச்சல் குறைந்துவிடும்.

காதி நீதிமன்றம்: முஸ்லிம்களின் விவாகம், விவாகரத்து சம்பந்தமான விஷயங்களை 1951ஆம் ஆண்டின் 13ஆம் இலக்க முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டம் காதியிடம் ஒப்படைத்திருக்கிறது. தலாக், பஸஹ், மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் தாபரிப்பு, இத்தாக் காலச் செலவு, பிள்ளைப்பேற்றுச் செலவு, மஹர், கைக்கூலியாகக் கொடுத்த பணம் பொருள் ஆகியவற்றை இங்கேதான் கேட்க வேண்டும். பஸஹ் கேட்கும் மனைவி தான் வசிக்கும் பகுதியின் காதியிடமே விண்ணப்பிக்கலாம். கணவரின் ஊரைத் தேடிப் போக வேண்டியதில்லை. விவாகம் பதியப்படவில்லையே என்று சிலர் பயந்து ஒதுங்குகிறார்கள். பதியாத காரணத்தால் மட்டும் ஒரு நிகாஹ் செல்லாமல் போவதில்லை. ஆனால் அதை நிரூபிக்க வேண்டியிருக்கும். ஆகவே நிகாஹுக்கு வந்திருந்த சாட்சிகளைத் தேடி வையுங்கள். இதைப் படிக்கும் வாப்பாமார்களே, உங்கள் மகளின் நிகாஹ் அன்றே பதிவும் நடந்ததா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

காதி நீதிமன்றத்திலும் காதிகள் சபையிலும் உங்களுக்காகச் சட்டத்தரணி தோன்றிப் பேச முடியாது. நீங்களே பேச வேண்டும். அதனால்தான் ஆயத்தம் இரட்டிப்பாகத் தேவைப்படுகிறது. சொல்ல வேண்டியதைத் திகதி வரிசைப்படி ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள். அழுகை வந்தாலும் தாள் பேசும்.

காதியின் தீர்ப்பில் திருப்தியில்லாவிட்டால் கொழும்பிலுள்ள காதிகள் சபை, அதற்கு மேல் அனுமதி பெற்று மேன்முறையீட்டு நீதிமன்றம் என்று வழியிருக்கிறது. மேன்முறையீட்டு நீதிமன்றத்தில் சட்டத்தரணி உங்களுக்காகத் தோன்றலாம்.

நீதவான் நீதிமன்றம்: காதி தாபரிப்பு விதித்தும் கணவர் செலுத்தவில்லை என்றால், "தீர்ப்பு வந்தும் பயனில்லை" என்று வீட்டில் இருந்துவிடாதீர்கள். நிலுவையைக் காதிக்கு எழுத்தில் அறிவியுங்கள். அவர் நீதவான் நீதிமன்றத்துக்கு அத்தாட்சி அனுப்பினால், அந்தத் தொகை தண்டப்பணத்தைப் போல அறவிடப்படும்.

கணவர் அடிக்கிறார், பயமுறுத்துகிறார் என்றாலும் கதவு இதுதான். 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டம் எல்லா இனத்துப் பெண்களுக்கும் உரியது. பாதிக்கப்பட்டவர் நேரடியாகவோ, அவருக்காகப் பொலிஸ் உத்தியோகத்தர் ஒருவரோ நீதவானிடம் பாதுகாப்புக் கட்டளை கேட்கலாம். பன்னிரண்டு மாதம் வரை அது வழங்கப்படலாம். இதற்காக விவாகரத்துக் கேட்க வேண்டும் என்ற கட்டாயம் எதுவுமில்லை.

மாவட்ட நீதிமன்றம்: காணி வழக்கு, பிள்ளை யாருடைய பொறுப்பில் இருப்பது என்ற வழக்கு முதலியவை இங்கே வரும். பிள்ளையைப் பற்றிய தகராற்றைக் காதியிடம் கொண்டுபோய் மாதக்கணக்கில் அலைந்தவர்களை நான் கண்டிருக்கிறேன்.

மத்தியஸ்த சபை: 1988ஆம் ஆண்டின் சட்டப்படி அமைந்தது. அயல்வீட்டுச் சண்டை, சிறு கடன் போன்றவற்றைப் பேசித் தீர்க்கும் இடம். குறித்த தொகைக்கு உட்பட்ட பணத் தகராறுகள் முதலில் இங்கு வந்து, இணக்கம் ஏற்படவில்லை என்ற சான்றிதழ் பெற்ற பின்பே நீதிமன்றத்துக்குப் போகலாம்.

சரி, இதையெல்லாம் நமக்கு விளக்கிச் சொல்ல யார் இருக்கிறார்கள்? சட்டத்தரணிக்குக் கொடுக்கப் பணமில்லையே என்கிறீர்களா? இதற்கென்றே 1978ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் சட்ட உதவி ஆணைக்குழு அமைக்கப்பட்டது. தலைமை அலுவலகம் கொழும்பு புதுக்கடையில் இருக்கிறது. பல ஊர்களில் நீதிமன்றத்தை அண்டியே அதன் கிளைகள் உண்டு. உங்கள் வருமானத்தை விசாரிப்பார்கள். தகுதியிருந்தால் சட்டத்தரணியின் கட்டணமின்றி வழக்கை நடத்தித் தருவார்கள். காதி முன் அவர்கள் தோன்ற முடியாவிட்டாலும், முறைப்பாட்டை எப்படி எழுதுவது, மேன்முறையீட்டுக்கு என்ன தேவை என்று ஆலோசனை கேட்கலாம்.

போகும்போது கையில் எடுத்துக்கொள்ளுங்கள்: தேசிய அடையாள அட்டை, விவாகப் பதிவுப் பிரதி, பிள்ளைகளின் பிறப்பு அத்தாட்சிப் பத்திரம், கிராம உத்தியோகத்தரின் கடிதம், முன்பு கிடைத்த தீர்ப்பு, மாதச் செலவுக் கணக்கு, மருந்துச் சீட்டு, கணவரின் தொழிலையும் வருமானத்தையும் காட்டக்கூடிய எதுவானாலும் சரி. கடன் கொடுக்கல் வாங்கலைக்கூட எழுதி வைத்துக்கொள்ளும்படி அல்குர்ஆன் ஸூரத்துல் பகராவில் ஏவுகிறது. நாமோ வாழ்க்கையையே எழுத்தில்லாமல் நடத்துகிறோம்.

இன்னும் சில எச்சரிக்கைகள். வெற்றுத் தாளில் யார் கேட்டாலும் ஒப்பமிடாதீர்கள். விளங்காத மொழியில் எழுதியதிலும் ஒப்பமிடாதீர்கள். நாட்டின் நீதிமன்றங்களில் நடக்கும் மொழி தெரியாதவருக்குச் சிங்களத்திலோ தமிழிலோ மொழிபெயர்ப்புப் பெறும் உரிமையை அரசியலமைப்பே தந்திருக்கிறது. வெட்கப்படாமல் கேளுங்கள். தவணைக்குத் தவறாதீர்கள். தீர்ப்புக் கிடைத்த அன்றே அதன் பிரதியைக் கேட்டு, திகதியைச் சுவர்க் கலண்டரில் வட்டமிடுங்கள். நீதிமன்ற வாசலில் நின்று "நான் முடித்துத் தருகிறேன்" என்பவரிடம் பணம் கொடுக்காதீர்கள். கட்டிய ஒவ்வொரு சதத்துக்கும் பற்றுச்சீட்டு வாங்குங்கள்.

இந்த விவாகச் சட்டத்தைத் திருத்துவது பற்றி 2009இல் அரசு ஒரு குழுவை நியமித்தது. 2018இல் அதன் அறிக்கை கையளிக்கப்பட்டது. அதையொட்டி நம்மிடையே வாதப் பிரதிவாதங்கள் நிறையவே நடந்தன. அவை ஒருபுறம் இருக்கட்டும். கையிலிருக்கும் சட்டம் தந்த உரிமையையாவது நம் பெண்கள் அறிந்திருக்கிறார்களா?

பள்ளிவாசல் நிர்வாகிகளுக்கும் என்னைப் போன்ற மௌலவிமார்களுக்கும் ஒரு வார்த்தை. ஒரு பெண் தீர்ப்பைக் கையில் பிடித்துக்கொண்டு நம் வாசலுக்கு வந்தால், உபதேசத்துக்கு முன் திகதியைக் கேட்போம். ஊரில் ஒரு சட்டத்தரணியை மாதத்தில் ஒரு நாள் பள்ளிவாசலுக்கு அழைத்து, மக்களுக்கு ஆலோசனை சொல்ல வைப்பது பெரிய காரியமா? நமக்கோ நம் உறவினருக்கோ பாதகமாக இருந்தாலும் நீதியில் உறுதியாக நிற்கும்படி ஸூரத்துன் நிஸா ஏவுவதை மிம்பரில் ஓதிக் காட்டும் நாம், நீதியைத் தேடி வந்தவருக்கு வழியையாவது காட்ட வேண்டாமா?

அந்தச் சகோதரி பிறகு பிள்ளைகளின் செலவு கூடியதைக் கணக்குக் காட்டி, தொகையை உயர்த்தித் தரும்படி காதியிடமே மீண்டும் விண்ணப்பித்தார். கணவரின் கடை பற்றிய ஆதாரங்களை இம்முறை கையோடு கொண்டுபோனார். தொகை உயர்ந்தது. ஆனால் அதற்கிடையில் ஒரு வருடம் ஓடிவிட்டது. அந்த வருடம் அவர் இரவு பகலாகத் தையல் தைத்துத்தான் பிள்ளைகளைப் படிக்க வைத்தார். என்னைக் காணும்போது இன்றும் மரியாதையோடு ஸலாம் சொல்வார். அந்த ஸலாத்துக்குப் பதில் சொல்லும் ஒவ்வொரு முறையும் எனக்கு அந்த முப்பது நாட்கள்தாம் நினைவுக்கு வருகின்றன.

வல்ல அல்லாஹ் நம் பிழைகளைப் பொறுத்து, உரியவரின் ஹக்கை உரியவரிடம் சேர்ப்பிக்க நமக்குத் தவ்பீக் செய்வானாக. ஆமீன்.