ஊசியின் மீது ஏன் பழி?

“இன்சுலின் ஊசி போட்டுக்கொண்டால் கண் போய்விடும்” என்னும் பேச்சைக் கேளாத செவி நம் சமூகத்தில் இராது. தோட்டத்து லயங்களிலும் நகரத்து அடுக்குமாடி வீடுகளிலும் ஒருசேர ஒலிக்கும் பேச்சு இது. படியாதவர் மட்டுமா இதனைச் சொல்கின்றனர்? பட்டம் பெற்றவரும், வகுப்பறையில் காரண காரியம் கற்பிப்பவருங்கூடத் தம் வீட்டுப் பெரியவருக்கு மருத்துவர் ஊசி எழுதிக்கொடுத்த அன்று இதையே திருப்பிச் சொல்கின்றனர். இஃது அறியாமை என்று நகைத்து ஒதுக்கத்தக்கதன்று. பார்வையைப் பறிக்கும் வன்மை இச்சொல்லுக்கு உண்டு. ஆதலின் இதனை எதிர்த்து வாதிடுவது நம் கடமையாகின்றது.

அவர்கள் காட்டும் சான்று யாது? “பத்தாண்டு மாத்திரை சாப்பிட்டார், கண் நன்றாக இருந்தது, ஊசி தொடங்கினார், ஓராண்டில் பார்வை மங்கியது” என்பர். காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்தது என்பது இதுதான். காக்கை உட்கார்ந்ததைப் பார்த்தவர் பலர். பழம் எத்தனை நாளாகப் பழுத்துக் காம்பு தளர்ந்திருந்தது என்று எண்ணிப் பார்த்தவர் எவர்?

விழித்திரை என்பது கண்ணின் பின்சுவரில் படிந்துள்ள மெல்லிய நரம்புப் படலம். ஒளியை உணர்ந்து மூளைக்கு அனுப்புவது அதுவே. அதற்கு ஊட்டம் தரும் குருதிக் குழாய்கள் மயிரினும் நுண்ணியவை. குருதியில் சர்க்கரை மிகுந்து ஆண்டுக்கணக்கில் நிற்குமானால் அக்குழாய்களின் சுவர் நலிகின்றது. சிறு புடைப்புகள் தோன்றுகின்றன. நீரும் கொழுப்பும் கசிகின்றன. சில குழாய்கள் அடைபட்டே போகின்றன. உயிர்வளி கிட்டாத விழித்திரை புதுக் குழாய்களை முளைக்கச் செய்கின்றது. அவை வலுவற்றவை. எளிதில் உடைந்து கண்ணுக்குள் குருதியைக் கொட்டுவன. வடுவாகச் சுருங்கி விழித்திரையையே இழுத்துப் பெயர்ப்பன. இத்தனையும் நடக்கையில் வலி என்பதே இல்லை. நடுப்புள்ளி கெடாதவரை நாளிதழின் பொடி எழுத்தையும் படிக்கலாம். “கண் நன்றாக இருந்தது” என்பதன் பொருள் இவ்வளவே.

நீரிழிவு புதிதாகக் கண்டறியப்பட்டோரைப் பல்லாண்டு பின்தொடர்ந்து 1998 ஆம் ஆண்டில் தன் முடிவை வெளியிட்ட பிரித்தானியப் பேராய்வு ஓர் உண்மையை வெளிப்படுத்திற்று. நோய் கண்டறியப்பட்ட அந்த வேளையிலேயே அவர்களுள் மூன்றில் ஒரு பங்கினருக்கு மேல் விழித்திரைக் கேடு தொடங்கியிருந்தது. அப்போது அவர்களுக்கு ஊசியும் இல்லை, மாத்திரையும் இல்லை. குற்றம் நடந்தபோது ஊரிலேயே இல்லாதவனைக் கூண்டில் ஏற்றலாமா?

மேலும், நம்மிடையே மிகுதியாகக் காணும் இரண்டாம் வகை நீரிழிவில் ஊசி எப்போது வருகிறது? பெரும்பாலும் மாத்திரைகள் தோற்ற பின்னரே. “இன்னும் ஆறு மாதம் பார்ப்போம்” என்று நாமே நாளைக் கடத்திய பின்னர், பாகற்காய்ச் சாற்றை நம்பி மாத்திரையை நிறுத்திப் பார்த்த பின்னர், கடைசியில் வருகிறது ஊசி. நெடுங்காலம் நோயுற்றிருந்தவரே ஊசிக்கு வருகின்றனர். நெடுங்காலம் நோயுற்றிருந்தவருக்கே கண்ணும் கெடுகின்றது. தாமதித்தது நாம்; பழி சுமப்பது ஊசி!

வரலாற்றையும் நோக்குக. 1922 ஆம் ஆண்டில் கனடாவின் டொராண்டோ நகரில் இன்சுலின் மருத்துவம் தொடங்கியது. அதற்கு முன்னர், இளமையில் நீரிழிவு கண்ட பிள்ளைகள் பெரும்பாலும் விரைவிலேயே மாண்டனர். விழித்திரை கெடும் காலம்வரை அவர்கள் வாழவே இல்லை. இன்சுலின் அவர்களுக்கு ஆயுளைத் தந்தது. நீண்ட ஆயுளில் கண்நோய் தலைகாட்டியது. உயிர் கொடுத்தவன் மீதே கொலைப்பழியா?

எதிர்த்தரப்பில் ஒரு துளி உண்மை உண்டு. அதனை மறைப்பது நேர்மையன்று. நெடுநாள் உயர்ந்திருந்த சர்க்கரையை விரைந்து இறக்கினால், முதல் ஓராண்டுக்குள் சிலருக்கு விழித்திரை நோய் சற்றே மோசமாவதுண்டு. முதல் வகை நீரிழிவினர் 1,441 பேரைக் கொண்டு வட அமெரிக்காவில் நடந்து 1993 இல் முடிவு வெளிவந்த ஆய்வில், தீவிரக் கட்டுப்பாட்டில் இருந்தோருள் 100க்கு ஏறத்தாழ 13 பேருக்கும், வழக்கமான மருத்துவம் பெற்றோருள் 100க்கு ஏறத்தாழ 8 பேருக்கும் அவ்வாறு நேர்ந்தது. ஆனால் அதே ஆய்வின் இறுதிக் கணக்கு யாது? இன்சுலினைக் கொண்டு சர்க்கரையைத் தீவிரமாகக் கட்டுப்படுத்தியவர்களிடம், புதிதாக விழித்திரை நோய் தோன்றும் வாய்ப்பு 76 விழுக்காடு குறைந்தது. முன்னரே இருந்த நோய் முற்றும் வாய்ப்பு 54 விழுக்காடு குறைந்தது. ஆகவே அந்தத் துளி உண்மை நமக்குக் கற்பிப்பது ஊசியை மறுப்பதையன்று. ஊசி தொடங்குமுன் விழித்திரையைச் சோதித்துக்கொள்வதையே ஆகும்.

இன்சுலினுக்கு நேர்ந்த பழியே லேசர் ஒளிக்கும் நேர்ந்துள்ளது. “கண்ணைச் சுட்டுக் குருடாக்கிவிட்டார்கள்” என்பர். 1976 இல் வெளிவந்த அமெரிக்க ஆய்வு, முற்றிய விழித்திரை நோயில் லேசர் சிகிச்சை கடும் பார்வையிழப்பைப் பாதிக்கும் மேலாகக் குறைத்தது எனக் காட்டியது. லேசர் இழந்த பார்வையை மீட்பதற்கன்று, எஞ்சியதைக் காப்பதற்கு. ஓரப் பார்வையும் இரவுப் பார்வையும் ஓரளவு குறையலாம் என்பதும் மெய்யே. முற்றிய பின் சென்றவர் கண்டதை வைத்துச் சிகிச்சையையே பழிப்பது, வீடு பாதி எரிந்த பின் வந்த தீயணைப்பு வண்டியே தீ வைத்தது என்பது போலாம். நடுப்புள்ளி வீக்கத்திற்குக் கண்ணுள் செலுத்தும் மருந்துகளும் இன்று உண்டு. அவ்வகை மருந்தொன்றுக்கு 2012 இல் அமெரிக்கா ஒப்புதல் அளித்தது. இவை பலருக்குப் பார்வையை ஓரளவு மீட்டும் தருகின்றன. ஆயினும் தவணை தவறாது செல்லவேண்டும்.

இவையெல்லாம் இருந்தும், கண்ணை மட்டும் பார்த்தால் போதாது. மேற்சொன்ன பிரித்தானிய ஆய்வில் குருதி அழுத்தத்தைக் கடுமையாகக் கட்டுப்படுத்தியோருக்கு விழித்திரை நோய் முற்றுவது 34 விழுக்காடு குறைந்தது. விழித்திரையைக் கெடுக்கும் அதே நோய் சிறுநீரகத்தின் நுண்குழாய்களையும் கெடுக்கின்றது. ஆகக் கண் என்பது உடலின் சாளரம். சாளரக் கண்ணாடியைத் துடைத்துவிட்டு உள்ளே எரியும் நெருப்பை விட்டுவிடுதல் அறிவுடைமையாகுமா?

மலேசியாவில் 2019 ஆம் ஆண்டு தேசிய உடல்நல ஆய்வின்படி, நாட்டின் பெரியவர்களுள் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு, இந்தியருள் 31.4 விழுக்காட்டினருக்கு. சிங்கையில் 2010 ஆம் ஆண்டுக் கணக்கிலும் இந்தியரே முன்னின்றனர். இந்நோயை நாம் “இனிப்பு நீர்” என்கிறோம். எவ்வளவு செல்லமான பெயர்! கேட்பவர் சிறுநீரை நினைப்பாரேயன்றிக் கண்ணை நினைப்பாரா?

குறை நோயாளியிடம் மட்டுமன்று. நோயாளிக்கு விளங்காத மொழியில் இரண்டு நிமிடத்தில் பேசி முடிக்கும் மருத்துவரும் இதற்குப் பொறுப்பாளரே. அவரினும் பொறுப்பாளர் எழுதத் தெரிந்த நாம். கல்வியைக் கண்ணோடு ஒப்பிட்டு மேடைதோறும் முழங்குகின்ற நாம், முகத்திலுள்ள கண்ணைக் காக்க நல்ல தமிழில் எத்தனை பக்கம் எழுதியிருக்கிறோம்? மெய்யுரை இல்லாத இடத்தில் பொய்யுரை குடியேறுவது இயற்கை.

முயன்றால் முடியும் என்பதற்குச் சான்று உண்டு. இங்கிலாந்து 2003 முதல் நீரிழிவாளர் விழித்திரையை ஆண்டுதோறும் படமெடுத்துச் சோதிக்கும் திட்டத்தை நாடெங்கும் விரித்தது. 2009-2010 ஆம் ஆண்டுக் கணக்கில், உழைக்கும் வயதினரின் பார்வையிழப்புக்கு நீரிழிவுக் கண்நோய் முதற்காரணமாக இருந்த நிலை, ஐம்பதாண்டுகளில் முதன்முறையாக மாறியிருந்தது. சிங்கையின் பலதுறை மருந்தகங்களிலும் மலேசிய அரசாங்கச் சுகாதார நிலையங்கள் பலவற்றிலும் இச்சோதனைக்குரிய கருவி உண்டு. இல்லாதது நம் கால்களின் நடையே.

ஆசிரியப் பெருமக்களே! உங்கள் சொல்லுக்குப் பெற்றோரிடம் மதிப்பு உண்டு. பனம்பழக் கதையைப் பழமொழிப் பாடத்தோடு நிறுத்தாதீர். மாணவர்களே! வீட்டில் நீரிழிவுடையவர் எவரேனும் இருப்பின், “விழித்திரையைக் கடைசியாக எப்போது சோதித்தீர்கள்?” என்று இன்றே கேளுங்கள். “கண் நன்றாகத்தான் தெரிகிறது” என்று விடை வருமானால் அதனை ஏற்காதீர்கள். தெரியும்போதே பார்ப்பதுதான் சோதனை. தெரியாதபோது பார்ப்பது இழப்பின் கணக்கு.