எரவாடாவிலிருந்து சாசூனுக்கு

புனே விஷ்ராந்த்வாடியில் குடியேறும் தமிழ்க் குடும்பத்துக்கு முதல் சளிக்காய்ச்சலில்தான் ஊர் மாறியது உறைக்கும். நிலவேம்புப் பொடி ஊரிலிருந்து யாராவது கொண்டுவந்தால் உண்டு. பக்கத்து வீட்டு மராத்திப் பாட்டியோ ஓமத்தை வறுத்து, துணியில் முடிந்து, குழந்தையின் நெஞ்சில் ஒற்றடம் கொடுக்கச் சொல்வார். தாராளமாகக் கொடுக்கலாம், சூடு மட்டும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

காய்ச்சல் இறங்காவிட்டால்? மருத்துவமனைக்குப் போக வேண்டியதுதான்; காந்தியே போனார்.

பக்கத்திலேயே எரவாடா சிறை. மருத்துவர்களையும் மருத்துவமனைகளையும் 1909இல் 'இந்து சுயராஜ்ஜிய'த்தில் வெளுத்து வாங்கிய காந்தி, அங்கே கைதியாக இருந்தபோது குடல்வால் அழற்சியால் துடித்தார். 1924 ஜனவரி 12 இரவு சாசூன் மருத்துவமனையில் கர்னல் மேடக் அறுவை சிகிச்சை செய்தார். நடுவில் மின்விளக்கு அணைந்துவிட, லாந்தர் வெளிச்சத்தில் வேலை முடிந்தது. பிழைத்த காந்தி இயற்கை வைத்தியத்தைக் கைவிடவில்லை. 1940களில் இதே புனேயில் தின்ஷா மேத்தாவின் இயற்கை மருத்துவ நிலையத்தில் தங்கினார். அந்த இடத்தில் இன்று தேசிய இயற்கை மருத்துவ நிறுவனம் இருக்கிறது.

வெளியூரில் எல்லா கிளினிக் பலகையிலும் 'டாக்டர்' என்றுதான் இருக்கும். பின்னால் உள்ள எழுத்துகளையும் படிக்க வேண்டும்: பி.ஏ.எம்.எஸ். ஆயுர்வேதம், பி.எச்.எம்.எஸ். ஹோமியோபதி. யாரிடம் போனாலும் வீட்டுக் கஷாயத்தை மறைப்பது நம்மவர் பழக்கம். திட்டுவார்களோ என்ற கூச்சம். ஆனால் மறைக்கக் கூடாது. தொண்டைக்கென்று நாள்தோறும் மெல்லும் அதிமதுரமே அளவு மீறினால் ரத்த அழுத்தத்தை ஏற்றும். அழுத்தத்துக்கு மாத்திரை எழுதுகிறவருக்கு அது தெரிந்தாக வேண்டும்.