மடையை யார் திறப்பது?

நார்த்கார்ட் விளையாடிய முதல் நாளே, எதிரி யாரும் வராமலேயே என் குலம் அழிஞ்சுபோச்சு. கோடரி வீரர்கள் இருந்தாங்க. அக்கம்பக்கத்து நிலத்தையெல்லாம் வேகவேகமாகப் பிடித்து வைத்திருந்தேன். அப்புறம் டிசம்பர் வந்தது. சாப்பாட்டு எண் மைனஸுக்குப் போனது, விறகு தீர்ந்தது, ஆட்களுக்கு நோய் வந்தது. பக்கத்துக் கட்டிலில் இருந்த ரூம்மேட் எட்டிப் பார்த்து, "டேய், சண்டை போட்டு சாவேன்னு பார்த்தா பட்டினியில செத்துட்டியேடா" என்றான்.

தெரியாதவங்களுக்கு: பிரான்சின் போர்தோ நகரத்து ஷிரோ கேம்ஸ் 2018 மார்ச்சில் முழுமையாக வெளியிட்ட ஸ்ட்ராட்டஜி கேம் இது. ஒரு வைக்கிங் குலத்தை நீங்கள் நிர்வகிக்க வேண்டும். நிலம் துண்டு துண்டாகப் பிரிந்திருக்கும். ஒவ்வொரு துண்டிலும் சில கட்டடங்களுக்குத்தான் இடம். புதுத் துண்டு வேண்டுமென்றால் சாப்பாட்டைக் கொடுத்து வாங்கணும், வாங்க வாங்க விலை ஏறும். ரொம்பப் பரப்பினால் ஜனங்களின் சந்தோஷம் குறையும், சந்தோஷம் குறைந்தால் புது ஆள் வரமாட்டான். வருஷா வருஷம் குளிர்காலம் வந்து உணவு உற்பத்தியைக் குறைத்து, விறகுச் செலவை ஏற்றும்.

நார்ஸ் புராணம் இதில் வெறும் பெயின்ட் இல்லை என்பதுதான் எனக்குப் பிடித்த விஷயம். வல்ஹல்லாவில் வீரர்களுக்குத் தேன்மது சுரக்கிற ஆடு ஹைட்ரூன். ஆட்டுக் குலத்தை எடுத்தால் செம்மறியும் சாப்பாடும்தான் உங்கள் பலம். உலகம் முடிவதற்கு முன்னால், நடுவில் கோடையே வராமல் மூன்று குளிர்காலம் தொடர்ந்து வரும் என்று அந்தக் கதைகள் சொல்லும். அந்த மக்கள் எதைப் பார்த்துப் பயந்தார்களோ, அதையே கேம்காரர்கள் விதியாக மாற்றிவிட்டார்கள்.

இப்போ நம்ம பக்கம் வருவோம். "தமிழ்ல ஒரு ஸ்ட்ராட்டஜி கேம் பண்ணணும்டா" என்று நம்ம கேண்டீனில் பேச்சு வந்தால் அஞ்சாவது நிமிஷம் ராஜராஜன் வந்துவிடுவார், பத்தாவது நிமிஷம் கப்பற்படை. அதை ஏற்கெனவே வெளிநாட்டுக்காரர்களே செய்துட்டாங்க. ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் இரண்டாம் பாகத்தில் 2022இல் திராவிடர்கள் வந்தாச்சு, சுருள்வாளோடும் ராஜேந்திர சோழன் கேம்பெயினோடும். சிவிலைசேஷன் ஏழில் சோழர்கள் இருக்காங்க. விளையாட ஜாலிதான், நானும் மணிக்கணக்கா விளையாடியிருக்கேன். ஆனால் அதில் படைவீரனின் உடையை மாற்றினால் வேறு நாடு ஆகிவிடும். 2023இல் கனடாவிலிருந்து வந்த வெண்பா கேமைப் பாருங்கள். வாளே கிடையாது. கிழிந்துபோன ஒரு சமையல் குறிப்புப் புத்தகம், அழிந்துபோன வரிகள், இட்லி எந்தத் தட்டு எந்த வரிசை என்ற குழப்பம். அதை வேறு எந்த ஊருக்கும் மாற்ற முடியாது.

அப்போ நமக்குக் குளிர்காலம் எது? ஹாஸ்டல் ஜன்னலைத் திறந்து பார்த்தாலே போதும். பொத்தேரி என்ற பேரோட வாலிலேயே ஏரி இருக்கு. செங்கல்பட்டை ஏரிகள் மாவட்டம் என்றே சொல்கிறோம். இங்கே ஏரிகள் சங்கிலியாக இருப்பவை. மேல் ஏரி நிறைந்தால் கலங்கல் வழியாக வழிந்து அடுத்த ஏரிக்குப் போகும், அது நிறைந்தால் அதற்கடுத்தது. வடகிழக்குப் பருவமழை அக்டோபர் முதல் டிசம்பர் வரைதான். அதில் பிடித்ததை வைத்து மீதி வருஷத்தை ஓட்டணும். கரையை உயர்த்தினால் தண்ணீர் கூடும், கூடவே உடையும் ஆபத்தும் கூடும். வண்டல் வாராமல் விட்டால் கொள்ளளவு குறையும். மேலூர்க்காரன் கலங்கலை ஓரடி உயர்த்தினால் கீழூர்க்காரன் காலி. 2015 டிசம்பரில் முடிச்சூர் மூழ்கியதையும், 2019 கோடையில் சென்னையே தண்ணீர் லாரிக்குக் காத்துக் கிடந்ததையும் பார்த்த நமக்கு இதைவிடப் பெரிய வில்லன் வேணுமா? ஒரே ஏரித்தொடர், இரண்டு கோடி.

புராணமும் பக்கத்திலேயே இருக்கு. மதுராந்தகம் போயிருக்கீங்களா? அங்கே கோயிலுக்குப் பேரே ஏரி காத்த ராமர் கோயில். 1790களில் கலெக்டராக இருந்த லயனல் பிளேஸ், மழை ராத்திரியில் கரை உடையப்போகுது என்று பார்க்கப் போனபோது, வில்லோடு இரண்டு பேர் கரையில் நின்று காத்ததைக் கண்டார் என்பது கதை. உடைப்பு என்ற பயம் அந்தக் கதையில் அப்படியே இருக்கு. நம்ம ஊர் ஹைட்ரூன் இதுதான் என்பேன்.

டேட்டா எங்கே என்று கேட்பீர்கள், இன்ஜினியரிங் பசங்க இல்லையா. 1767க்கும் 1774க்கும் நடுவில் தாமஸ் பர்னார்ட் என்ற கம்பெனி இன்ஜினியர் செங்கல்பட்டு ஜாகீரை அளந்தார். ஏறக்குறைய 2,000 ஊர்கள். ஒவ்வொரு ஊரிலும் எத்தனை வீடு, என்ன தொழில், எவ்வளவு நிலம், விளைச்சலில் யார் யாருக்கு எவ்வளவு பங்கு என்று எழுதி வைத்தார்கள். தரம்பால் பிற்பாடு தேடியெடுத்துப் பேசிய ஆவணங்கள் இவை. வெட்டியானுக்கு, தச்சனுக்கு, கோயிலுக்கு, ஏரிப் பராமரிப்புக்கு என்று நெல் பிரிகிற அந்தக் கணக்கைப் படிக்கும்போது எனக்கு ரிசோர்ஸ் டேபிள்தான் ஞாபகம் வந்தது.

அந்த டேபிளில்தான் சிக்கலும் இருக்கு.

நார்த்கார்டில் எல்லா ஊர்க்காரனும் ஒரே மாதிரி. மீன் பிடிப்பவனை ஒரு கிளிக்கில் ஞானம் சேர்க்கிறவனாக மாற்றலாம், மறு கிளிக்கில் வீரனாக்கலாம். வைக்கிங் சமூகத்தில் அடிமைகள் இருந்தார்கள், ஆனால் என் ஸ்கிரீனில் அந்தக் கிளிக்கை யாரும் தடுக்கவில்லை. 1770இன் செங்கல்பட்டு ஊரில் அந்தக் கிளிக் கிடையாது. யார் எந்த வேலை என்பது பிறக்கும்போதே பூட்டியாச்சு. உத்திரமேரூர் கல்வெட்டை எல்லோரும் பெருமையாகச் சொல்கிறோம். முதலாம் பராந்தகன் காலத்தில், 920ஐ ஒட்டி, குடவோலையில் பேர் எழுதிப் போட்டு ஏரி வாரியத்துக்கு ஆள் எடுத்தார்கள். அற்புதமான கேம் மெக்கானிக். ஆனால் அது பிராமண சபை. வரி கட்டும் சொந்த நிலமும் சொந்த மனையும் இருப்பவன் பேர்தான் குடத்துக்குள் போகும். ஏரிக்கு மண் சுமந்தவன் பேர் போகாது.

இதை ரூம்மேட்டிடம் சொன்னபோது, "கேமுக்குள்ள எதுக்குடா ஜாதி, ஃபன் போயிடும்" என்றான். நியாயமான பயம்தான். ஆனால் அதை எடுத்துவிட்டால் மிஞ்சுவது நார்த்கார்டின் தமிழ் ஸ்கின். இங்கே கடைசி மடை கடைசி வயலுக்கு எப்போது திறக்கும் என்பதே ஊரின் அரசியல். 1891இல் செங்கல்பட்டு கலெக்டர் டிரெமன்ஹீர் எழுதிய அறிக்கை, நிலமே கிடைக்காதவர்களைப் பற்றியது. அதன் பிறகுதான் 1892இல் பஞ்சமி நிலம் வந்தது. காரணையில் அந்த நிலத்தைத் திரும்பக் கேட்டவர்கள் மீது துப்பாக்கிச் சூடு நடந்தது 1994இல், இதே செங்கல்பட்டு வட்டாரத்தில். வரைபடத்தில் அது ஒரு துண்டு நிலம். நார்த்கார்டில் நான் கொஞ்சம் சாப்பாடு கொடுத்து வாங்கினேனே, அந்த மாதிரித் துண்டு.

எனக்குத் தோன்றும் வழி ஒண்ணு இருக்கு. ஆட்டக்காரனை ராஜாவாக்காமல் நீர்க்கட்டியாக்குவது. மடை திறந்து மூடி, வயல் வயலாகத் தண்ணீர் பாய்ச்சும் ஆள். அவன் கையில் தண்ணீர் இருக்கும், அதிகாரம் இருக்காது. பெரிய வீட்டுக்காரர் முறை தாண்டித் திறக்கச் சொல்வார், சேரிக்காரர் தன் முறை எங்கே என்று கேட்பார். யாருக்குத் திறந்தாலும் அவனுக்குச் சேரவேண்டிய நெல் பங்கில் அது தெரியும். சந்தோஷம் என்று ஊருக்கே ஒற்றை எண் இருக்காது, தெருவுக்கு ஒரு எண்.

பேப்பரில் ஒரு போர்டு கேமாக இதை வரைந்து வைத்திருக்கேன்: மூன்று ஏரி, ஐந்து மடை, பன்னிரண்டு மாத அட்டை. போன வாரம் நாலு பேர் விளையாடினோம். புரட்டாசியிலேயே இரண்டு பேர் சண்டை போட்டுக்கொண்டு எழுந்து போய்ட்டாங்க. கோடோவில் டைல்மேப் தெரிந்தவர்கள் யாராவது இருந்தால் சனிக்கிழமை சாயங்காலம் நூலகத்துக்குப் பின்னாடி வாங்க, மூணாவது ஆள் இன்னும் தேவைப்படுது.